மூங்கில் இடிக்கும் இரவு

கேமரன் மலை வரலாற்றுத் தொடர் – 17

சென்ற இதழில் ஜிம் தாம்சன் காணாமல் போன கதையைப் பார்த்தோம். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. பட்டு வியாபாரி ஒருவர் பங்களாவை விட்டு நடந்து போகிறார், திரும்பி வரவில்லை. போலீஸ், ராணுவம், மாந்திரீகர் என்று எல்லோரும் காட்டை அலசினார்கள். அந்தக் கதையை எழுதும் எல்லோரும் ஒரே ஒரு வரியில் கடந்துபோகும் ஆட்கள் சிலர் உண்டு: தேடுதலுக்கு வழிகாட்டிய பூர்வக்குடிகள். மற்றவர்களுக்குப் பச்சைச் சுவராகத் தெரிந்த காட்டில் தடம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கேமரன் மலையைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் அந்த ஒரு வரிதான். இந்தத் தொடரும் பதினாறு வாரம் அப்படியே ஓடிவிட்டது. பிழை என்னுடையது.

தாப்பாவிலிருந்து பழைய சாலையில் ஏறி வருகிறவர்கள் அவர்களைப் பார்க்காமல் வர முடியாது. சாலையோரத் தட்டிக்கடைகளில் பெத்தாய்க் கொத்துகள் தொங்கும், பழைய பாட்டில்களில் காட்டுத்தேன் இருக்கும், பருவத்துக்கு மூங்கில் குருத்து வரும். நாம் வண்டியை நிறுத்தி மலாயில் விலை கேட்கிறோம், ஒரு ரிங்கிட் குறைத்துக் கேட்கிறோம், கிளம்பிவிடுகிறோம். நமக்குப் பதில் சொல்லும் பெண் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது மலாய் அல்ல. அது செமாய். செமாய்க்காரர்கள் தங்கள் மொழியை ‘எங்ரோக்’ என்பார்கள்.

இந்த மொழி இந்த மலைக்கு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். செமாயில் கண்ணுக்கு ‘மத்’. வியட்நாமிய மொழியிலும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். மேகாலயாவின் காசி மொழியில் ‘க்மத்’. ஜார்க்கண்டின் சந்தாலியில் ‘மெத்’. நிக்கோபார் தீவுகளின் மொழிகளும் கம்போடியாவின் கெமரும் இதே ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். மலாய் ‘மாத்தா’வும் ஒலியில் பக்கத்தில் வந்து நிற்கிறதே என்று கேட்பீர்கள். அது வேறு குடும்பம், கடல்வழி வந்த மொழி; ஒற்றுமை தற்செயல். அதாவது பெத்தாய் விற்கும் அந்தப் பெண்ணின் மொழிக்கு, பக்கத்து ஊர் மலாய்க்காரரின் மொழியைவிட ஜார்க்கண்டின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் சந்தாலியின் மொழி நெருங்கிய உறவு.

வில்லியம் கேமரன் 1885-இல் அளவைக்கருவியோடு இந்த மேட்டுநிலத்தைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். பெர்த்தாம், தெலோம், தெர்லா, லெமோய் என்று ஆறுகளின் பெயர்களை நாம் இன்று வாய் நிறையச் சொல்கிறோம். அவற்றைச் சூட்டியவர் தேயிலைத் துரை யாரும் இல்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது நம் பாட்டன்மார் அழித்த காட்டில் ஏற்கெனவே வேட்டைத்தடமும் பழமரச் சொந்தமும் கல்லறையும் இருந்தன. காடு போனபின் அந்தத் தேயிலையிலேயே கூலிக்கு நின்ற செமாய்க் குடும்பங்களும் உண்டு. தமிழர் லயத்தில் பறையும் உறுமியும் முழங்கின. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டியபின் வேறொரு ஒலி கேட்டிருக்கும். ‘காட்டு ஆளுங்க கூத்து’ என்று நாம் சொல்லிவிட்டுத் தூங்கினோம்.

அந்தக் கூத்துக்குப் பெயர் செவாங்.

முதலில் அதன் வாத்தியத்தைப் பாருங்கள். அடியில் கணு மூடி, மேலே வாய் திறந்த இரண்டு மூங்கில் குழாய்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது ஆண், குட்டையானது பெண். ஒரு நீண்ட மரக்கட்டையைத் தரையில் கிடத்தி, அதன் ஓரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி, கைக்கு ஒன்று. நம் வீட்டுப் பெண்கள் உலக்கை மாற்றிப் போட்டு நெல் குத்துவது போல, மாறி மாறிக் கட்டையில் இடிக்கிறார்கள். நீளக் குழாய் தடித்த குரலில் ‘தும்’ என்கிறது, குட்டை மெலிந்து ‘தொங்’ என்கிறது. தோலும் கிடையாது, உலோகமும் கிடையாது. காலையில் மூங்கில் வெட்டினால் மாலையில் கச்சேரி. பத்துப் பேர் சேர்ந்து இடிக்கும்போது அது காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்துவிடும். காரணம் தரை. செவாங் நடக்கும் பழைய வீட்டின் தளம் பிளந்த மூங்கிலால் ஆனது. மிதித்தால் அமுங்கி எழும். ஆடுகிறவர்கள் முழங்காலை மடக்கி மடக்கி எழும்போது வீடே மூச்சு விடும். இந்தத் தரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பாட்டு மேடைப்பாடகர் எழுதியது அல்ல, கனவில் வந்தது. ஒரு மரத்தின், மலையின், புலியின், அருவியின் ஆவி ஒருவருக்குக் கனவில் உறவாகி ஒரு பாட்டைக் கொடுக்கும். அப்படிப் பாட்டு வாங்கியவர் ‘ஹலா’. கொடுத்த ஆவி அவருடைய ‘குனிக்’. நோயாளிக்கு வைத்தியம் என்றால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஆரம்பிப்பார்கள். ஓர் இரவில் முடியாது, இரண்டு மூன்று இரவு போகும். உத்தரத்திலிருந்து வாசனை இலைக் கொத்துகள் தொங்கும். தலையில் ஓலையில் பின்னிய ‘தெம்போக்’ முடி, தோளில் குறுக்கே இலைமாலை. ஹலா ஒரு வரி பாடுவார். பெண்கள் அந்த வரியை அப்படியே திருப்பிப் பாடுவார்கள், அவர் முடிப்பதற்குள் அவர்கள் தொடங்கிவிடுவதும் உண்டு. அடுத்த வரி. மறுபடி.

நம்மூர் கும்மியில் முன்பாட்டு பின்பாட்டு கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எழுத்தில்லாத மொழி, பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள். பெரியவர் ஒரு வரி சொல்ல, ஊரே திருப்பிச் சொல்கிறது. ஐந்து வயதுக் குழந்தை தாயின் மடியில் அரைத்தூக்கத்தில் அதைக் கேட்கிறது. வரிகளில் ஆற்றின் பெயர் வருகிறது, மலைமுகட்டின் பெயர் வருகிறது, எந்தப் பூ எந்தச் சரிவில் பூக்கும் என்பது வருகிறது. மொழிப்பாடம் நடத்த இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை எந்தக் கல்வி அமைச்சும் கண்டுபிடித்ததில்லை. ஆகவே செவாங் நின்றால் ஆட்டம் மட்டும் நிற்காது. மொழியின் பள்ளிக்கூடமும் சேர்ந்தே மூடும்.

அது எப்படி மூடத் தொடங்கியது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

1930-களில் பேராக் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பாட் நூன் என்ற இங்கிலாந்து மானிடவியலாளர், செமாய்களுக்கு வடக்கே வாழும் அவர்களின் உறவினரான தெமியார் மக்களோடு காட்டில் தங்கி ஆராய்ந்தார். அங்கேயே மணம் முடித்துக்கொண்டார். 1936-இல் அவர் வெளியிட்ட அறிக்கைதான் அம்மக்களைப் பற்றிய முதல் பெரிய ஆவணம். ஜப்பானியர் காலத்தில் காட்டுக்குள் போனவர் உயிரோடு வெளியே வரவில்லை. அவருடன் சில காலம் சுற்றிய அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட், 1951-இல் ஒரு கட்டுரை எழுதினார். செமாய், தெமியார் முதலிய செனோய் மக்கள் காலையில் எழுந்ததும் குழந்தைகளின் கனவைக் கேட்டு, கனவில் புலி துரத்தினால் ஓடாதே, எதிர்த்து நில் என்று பயிற்சி தருகிறார்கள், அதனால்தான் அவர்களிடையே சண்டையும் மனநோயும் இல்லை என்றார். 1960-களிலும் 70-களிலும் கலிபோர்னியாவில் இது தீயாய்ப் பரவியது. கனவுக் குழுக்கள், கனவு வகுப்புகள், கனவுப் புத்தகங்கள். ஸ்டூவர்ட் சொன்ன வகைப் பயிற்சி எதுவும் அந்த மக்களிடம் இல்லை என்று பின்னால் போய் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். வில்லியம் டோம்ஹாஃப் 1985-இல் ஒரு புத்தகமே எழுதி அந்தக் கட்டுக்கதையைப் பிரித்துப் போட்டார். கனவை எடுத்துக்கொண்டு போனவர்கள் பாட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மக்களிடம் கனவுக்கு இருந்த உபயோகமே பாட்டுதான்.

பாட்டைக் கேட்டவர்களும் உண்டு. போருக்கு முன் வானொலிக்காரர்கள் பதிவு செய்த தெமியார் கனவுப் பாடல்களை 1955-இல் அமெரிக்காவின் ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. மரினா ரோஸ்மன் என்ற இசை ஆய்வாளர் 1980-களில் தெமியார் கிராமங்களில் தங்கி, பாட்டு எப்படி வைத்தியமாகிறது என்று எழுதிய நூல் 1991-இல் வந்தது. அவர் எழுதிய ஒன்று என் மனதில் நின்றுவிட்டது: ஒவ்வொரு பாட்டுக்கும் அதைக் கனவில் பெற்றவர் இருக்கிறார். பாட்டு ‘எல்லோருக்கும் பொது’ அல்ல. யாருடைய பாட்டு என்று தெரிந்துதான் பாடுவார்கள்.

இதற்கிடையே 1948-இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டில், காட்டில் இருப்பவர்களோ இந்த மக்கள். சோறு கொடுத்தால் அரசாங்கத்துக்குக் கோபம், கொடுக்காவிட்டால் துப்பாக்கிக்காரருக்குக் கோபம். பிரிட்டிஷார் பல கிராமங்களை அப்படியே பெயர்த்து, முள்கம்பிக்குள் குடியமர்த்தினார்கள். மலைக்குளிரில் பழகியவர்கள் கீழே வெக்கையிலும் நெரிசலிலும் நோய்கண்டு செத்தார்கள். பாட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய மலை கண்ணுக்கே தெரியாத இடத்தில் எந்த ஹலா பாடுவார்? தவறு புரிந்தபின் காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டி வசதிகளைக் கொண்டுபோனார்கள். 1954-இல் பூர்வக்குடிச் சட்டம் வந்தது. பழைய அரசாங்கத் தாள்களில் ‘சக்காய்’ என்று, அடிமை என்ற பொருள் தொனிக்க எழுதப்பட்டவர்கள் மெல்ல ‘ஓராங் அஸ்லி’ ஆனார்கள். 1959-இல் வானொலியில் அவர்கள் மொழிகளுக்கு நேரம் ஒதுக்கினார்கள். அந்த ஒலிபரப்பின் வாரிசுதான் இன்றைய ஆஷிக் எஃப்எம்; செமாயும் தெமியாரும் அதில் ஒலிக்கின்றன. கம்யூனிஸ்டுகளிடமிருந்து இழுக்கத் தொடங்கிய வானொலி, எண்ணாத பலனாக, ஒரு மொழிக்குப் பொதுக்குரல் கொடுத்தது. கிட்டார் வைத்துச் செமாயில் பாடும் இளைஞர்கள் வந்தார்கள்.

செவாங் மட்டும் வேறு வழியில் போனது. பல கிராமங்களில் புது மதங்கள் வந்து, ஆவியோடு பேசுவது பாவமானது. ஹலாக்கள் மூப்படைந்து இறந்தார்கள். வீடமைப்புத் திட்டத்தில் செங்கல் வீடுகள் வந்தன. மழை ஒழுகாத வீட்டை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? பிரிஞ்சாங்குக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே உள்ள சுங்கை ரூயில் கிராமத்தில் 2011 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மண்சரிந்து 7 பேர் இறந்தார்கள். பாதுகாப்பான வீடு அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. ஆனாலும் சிமெண்டுத் தரை அமுங்கி எழாது. அதில் ஆடினால் முழங்கால்தான் வலிக்கும்.

எஞ்சியது மேடை. அமைச்சர் வருகிறார், ஓட்டல் திறப்புவிழா, சுற்றுலா ஆண்டு. பத்து நிமிடம், வெளிச்சம் முழுவதும், புகைப்படத்துக்கு இலைமுடியோடு ஒரு நிற்பு. இருட்டில் இரவெல்லாம் நடப்பதைப் பகலில் பத்து நிமிடத்துக்குச் சுருக்கினால் முதலில் உதிர்வது வரிகள். ‘தும் தொங்’ மிஞ்சும், நடை மிஞ்சும், பாட்டு இரண்டு வரியாகிவிடும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பின்பாட்டுப் பாடும் சிறுமிக்கோ அந்த இரண்டு வரிதான் மொழி.

அதற்காக மேடையை நான் சபிக்க மாட்டேன். மாக் மினாவை நினைத்துக்கொள்கிறேன். மெனா அனாக் குந்தோம் என்பது முழுப்பெயர். உலு சிலாங்கூரின் பெர்த்தாக் பகுதியைச் சேர்ந்த தெமுவான் பெண்மணி, வயதான காலத்தில் ‘அக்கார் உம்பி’ என்ற இசைக்குழுவோடு சேர்ந்து தன் மக்களின் சடங்குப் பாட்டைப் பாடினார். 1998-இல் சரவாக்கின் முதல் மழைக்காடு உலக இசைவிழாவில் பாடினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். பாட்டில் வந்த ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுந்தது. அவர் பதிவுசெய்த பாடல்கள் 2002-இல் இசைத்தட்டாக வந்தன. ஆற்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஆற்றின் பெயரைச் சொல்லும் குரல் இருக்கிறது. பூலாவ் கேரியில் மா மெரி மக்கள் முகமூடி அணிந்து ஆடும் ஜோ-ஓ ஆட்டத்துக்கும் ஆண்டுதோறும் முன்னோர் நாள் என்ற சொந்தக் காரணம் இருக்கிறது. வெளியாட்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது நடக்கும். என் அளவுகோல் அதுதான்: விருந்தாளி வராத நாளில் ஆட்டம் உண்டா?

இதே கேள்வியை உலகின் மறுகோடியில் வேறொரு மக்கள் கேட்டு விடையும் தேடினார்கள். அலாஸ்காவின் தென்கிழக்கில் கடலோரம் வாழும் திளிங்கித் மக்கள். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் கனடாவில் அவர்களது விருந்துச் சடங்கான பாட்லாச்சே 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றம். இன்று சரளமாகப் பேசுகிறவர்கள் நூறு பேருக்கும் குறைவு. 1982-இல் ஜூனோ நகரில் சீலாஸ்கா பாரம்பரிய நிறுவனம் ‘செலிப்ரேஷன்’ என்ற விழாவைத் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊரூராக ஆட்டக்குழுக்கள் வந்து சேர்கின்றன. பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில். பாட்டுகள் குலங்களுக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் பாட முடியாது, எந்தக் குலம், யாருடைய பாட்டு என்று அவர்கள் மொழியிலேயே அறிவித்துவிட்டுத்தான் ஆடவேண்டும். ஆகவே ஆடவந்த இளைஞன் குறைந்தது தன் பெயர், குலம், பாட்டின் வரலாறு மூன்றையும் தாய்மொழியில் சொல்லக் கற்றாக வேண்டியிருக்கிறது. மூங்கில் தரையில் உட்கார்ந்த செமாய்ச் சிறுமிக்கு நடந்ததும் இதுவேதான். ஒத்திகைதான் வகுப்பு, மேடை அதற்கு வைக்கும் தேர்வு.

நம் மலைப்பக்கத்தில் செவாங் கற்றுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது இதையே சொல்வேன். பல கிராமங்களில் ‘பாலாய் செவாங்’ என்ற ஆட்டக்கூடம் இருக்கிறது. வீடு சிமெண்டாகவே இருக்கட்டும், கூடத்துக்கு மூங்கில் தரை போடலாம். கல்யாணத்துக்கு ஆடுகிறார்கள், துக்கம் கழிக்க ஆடுகிறார்கள், அறுவடைக்கு ஆடுகிறார்கள். வைத்தியத்துக்கு ஆடுவது குறைந்துவிட்டது என்பது உண்மை. நோய்க்கு மருத்துவமனை இருக்கிறது; மூத்தவர் ஒருவர் ஒரு வரி பாட, பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்கு வேறு இடம் இல்லை.

பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்கலாம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தேசியப் பள்ளிக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும். நாம் கரைத்துக் குடித்த விதி இது. அதற்கு அடுத்த வரியில் பூர்வக்குடி மொழிகள் வருகின்றன. அதே 15 பெற்றோர்தான். கூடவே ஒரு சொற்றொடரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நியாயமாகவும் நடைமுறையில் இயலக்கூடியதாகவும் இருந்தால். நமக்கு இல்லாத அந்த ‘இயன்றால்’ அவர்களுக்கு மட்டும் உண்டு. செமாய் சில பள்ளிகளில் பாடமாக நுழைந்திருக்கிறது. 50 ஆயிரத்துக்கு மேல் பேர் பேசும் மொழி, தீபகற்பத்தின் பூர்வக்குடி மொழிகளிலேயே பெரியது. அதற்கே இந்த நிலை என்றால் சில நூறு பேர் பேசும் மொழிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசியலில் ஒரு மாற்றம் நடந்தது. 2004-இல் உருவானது முதல் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் ம.இ.கா. வேட்பாளர்களே வென்றுவந்தார்கள். 2018 தேர்தல் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்றது. 2019 ஜனவரி 26-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் ம.இ.கா. ஒதுங்கி நிற்க, செமாய் இனத்தவரான முன்னாள் போலீஸ் அதிகாரி ரம்லி முகமது நூர் பாரிசான் சார்பில் 3,238 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவர். 2022-இல் மக்களவையின் துணைச் சபாநாயகருமானார். ‘நம்ம சீட்டு போச்சு’ என்று வருத்தப்பட்ட தமிழர்களை நான் அறிவேன். வருத்தம் புரிகிறது. இந்த மலையில் யாருடைய சீட்டு யாருடையது என்று 1885-லிருந்து கணக்குப் போட்டால் நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பிரிஞ்சாங் வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டுப் 15 கையெழுத்துக்கு நீங்கள் வீடு வீடாக அலைகிறீர்கள், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களும் உங்களிடம் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் செமாய்ப் பிள்ளைகள் இருந்தால், அடுத்த முறை இரண்டு தாள் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது தாளை அவர்களின் பெற்றோரிடம் கொடுத்து, சட்டத்தின் அந்த அடுத்த வரியைக் காட்டுங்கள்.

(தொடரும்)